தொப்பி தரையைத் தொடணும்

பெருமாநல்லூரில் ஒரு பனியன் கம்பெனியில் செக்கிங் பார்க்கிற ஜெசிந்தாவுக்குக் கோபம் சீக்கிரம் வரும். வந்தால் என்ன, அதிலே ஞாயம் இருந்ததா இல்லையா, அதைத்தான் பார்க்கணும்.

அமெரிக்காவுக்குப் போகிற டீ-சர்ட்டில் ஒரு படம். பேண்டு வாத்தியக்காரர் உடுப்புப் போட்ட கறுப்பின ஆள் காலை ஊன்றி வில்லாட்டம் பின்னால் வளைந்திருந்தான். தொப்பிக் குஞ்சம் தரையைத் தொட்டது.

"பிரிண்ட்டு தலைகீழா விழுந்திருக்குது, ரிஜெக்ட்டு" என்று ஒதுக்கினார் சூப்பர்வைசர் குணா.

"இல்ல சார். அவரு வளைஞ்சிருக்காரு."

"ஏம்புள்ள, நீ போய்ப் பார்த்துட்டு வந்தியா?"

போகவில்லை, செல்போனில் பார்த்தாள். அமெரிக்காவில் மற்ற காலேஜுகள் கறுப்பினப் பிள்ளைகளைச் சேர்க்காத காலத்தில் அவர்களுக்கென்றே எழும்பிய காலேஜுகளாம். அந்தக் காலேஜு பேண்டு சும்மா நடக்கிறதில்லை. முழங்கால் நெஞ்சுக்கு ஏறுது, குழலெல்லாம் ஒரே வீச்சாக இடமும் வலமும் ஆடுது. முன்னால் கோல் பிடித்து பேண்டை நடத்துகிறவன் வளைந்து தொப்பியால் தரையைத் தொட்டதும் மைதானமே எழுந்து நிற்குது.

ஜெசிந்தாவும் கோல் பிடிக்கிறவள்தான். தூத்துக்குடிப் பக்கமிருந்து பிழைக்க வந்த குடும்பம்; மாதா கோயில் பெண்கள் பேண்டுக்கு அவள்தான் முன்னால் போவாள். திருவிழாத் தேருக்கு முன்னால் தானும் அப்படி வளையணும், அவ்வளவுதான் அவள் ஆசை. ஷிப்ட் முடிந்து கம்பெனிச் சந்தில் பழகினாள். இடுப்பு விட்டுப்போச்சு, அவள் விடவில்லை.

திருவிழாக் கமிட்டித் தலைவர் சகாயராஜ் ஒத்துக்கொள்ளவில்லை. "ஏட்டி, மாதாவுக்கு முன்னால சர்க்கஸா காட்டப் போற? நேரா நட."

"நேரா நடக்க நான் எதுக்குண்ணே? கோலைச் சைக்கிள்ல கட்டி உருட்டி விடுங்க."

திருவிழாவுக்குக் கமிட்டி டிஜே வண்டியும் பிடித்திருந்தது. அது பேண்டுக்குப் பின்னாலேயே அலறிக்கொண்டு வந்தது. ஊதுகிறவளுக்கே தன் குழல் கேட்கவில்லை. நாற்சந்தியில் ஜெசிந்தா நின்றுவிட்டாள். அவள் நின்றதும் பேண்டு நின்றது, வண்டி நின்றது, தேரும் நின்றது. சகாயராஜ் ஓடி வந்தார்.

"நட புள்ள."

"அதை நிறுத்துங்க, நடக்கேன். ஒரு பாட்டுக்கு மட்டும்."

வேறு வழியில்லாமல் நிறுத்தச் சொன்னார். டிரம் எழும்பியது. ஜெசிந்தா கோலை உயர்த்தி, மெல்லப் பின்னால் வளைந்தாள். சனம் நெருக்கியடித்துக்கொண்டு எட்டிப் பார்த்தது. தொப்பிக் குஞ்சம் தரையைத் தொட இன்னும் ஒரு சாண்தான் இருக்கும்.

"ஐயோ, புள்ளைக்கு வலிப்புங்க."

வேடிக்கை பார்த்துக்கொண்டிருந்த பழனாத்தாள் கத்திக்கொண்டே ஓடி வந்து முதுகைத் தாங்கி, இடுப்புச் சாவிக்கொத்தை அவள் கையில் திணித்தாள். "இரும்பை இறுக்கிப் புடி கண்ணு." யாரோ மூஞ்சியில் தண்ணீர் அடித்தார்கள்.

"விடுங்கம்மா. இது ஆட்டம்."

"வலிப்பு வந்தவங்க அப்படித்தான் சொல்லுவாங்க சாமி."

யாரைக் குற்றம் சொல்ல? அந்தம்மா மனசு நல்ல மனசு. அதனால்தான் எரிச்சல் இன்னும் கூடியது.

"இன்னொரு வாட்டி வளையுதேண்ணே. தொப்பி தரையத் தொடல."

"வளைஞ்சது போதும். அடுத்த வருசம் பார்ப்போம்" என்றார் சகாயராஜ்.

"அடுத்த வருசமும் இந்த வண்டி வருமாண்ணே?"

அவர் டிஜே வண்டிக்குக் கை காட்டினார். பாட்டு ஆரம்பித்துவிட்டது.

"சாவியைக் குடு கண்ணு, ஊடு தொறக்கோணும்" என்று கை நீட்டினாள் பழனாத்தாள். ஜெசிந்தா கொடுத்தாள். நனைந்த தொப்பியைப் போட்டுக்கொண்டு விசில் ஊதினாள். அது அவளுக்கே கேட்கவில்லை. ஆனாலும் முழங்காலை நெஞ்சுக்குத் தூக்கித்தான் அடி வைத்தாள். பின்னால் வந்த பிள்ளைகளில் பாதிப்பேர் தூக்கினார்கள். மீதிப்பேர் சகாயராஜைப் பார்த்துக்கொண்டு நேராகவே நடந்தார்கள்.