சாயக்காரி மேல் விழுந்த பழி

ஆராய்ச்சிக்கூடத்தில் அவளுக்குச் சாயக்காரி என்று பெயர். யார் வைத்தார்களோ தெரியாது, அவளும் கோபித்துக்கொண்டதில்லை. செய்கிற வேலை அதுதானே. நோயாளியின் உடம்பிலிருந்து எடுத்த சதைத் துணுக்கை மெழுகில் பதித்து, தலைமுடியைவிட மெல்லியதாகச் சீவி, கண்ணாடித் தகட்டில் ஒட்டி, எந்த செல் எது என்று நுண்ணோக்கியில் தெரியும்படி சாயம் ஏற்றுவாள். பதினேழு வருடமாக இதே வேலை. உறவுக்காரர்கள் சிலர் அவள் துணிக்குச் சாயம் போடுவதாகவே நம்பிக்கொண்டிருந்தார்கள். ஒரு சித்தி, வெளுத்துப்போன திரைச்சீலையைச் சுருட்டிக்கொண்டு வீட்டுக்கே வந்துவிட்டாள்.

அங்கே அவளுக்கு நெருக்கம் என்றால் மூட்டு டாக்டர்தான். இருவரும் ஒரே வருடம் வேலைக்குச் சேர்ந்தவர்கள். நாலு பேர் முன்னால் ‘நீங்க, டாக்டர்’. தனியாக இருந்தால் ‘வாடி, போடி’. மாடிப்படிக்குக் கீழே கிடந்த சின்ன மேசையில் மதியம் இரண்டு பேருடைய டப்பாவும் ஒன்றாகத்தான் திறக்கும். சாயக்காரியின் மகளுக்குக் கல்லூரியில் இடம் தேடி அலைந்தது டாக்டர். டாக்டரின் அப்பா படுக்கையில் கிடந்த மூன்று மாதமும் விடுமுறை நாளில் போய் உட்கார்ந்தது சாயக்காரி.

சாயக்காரியின் கணவர் லேத் பட்டறை வைத்திருந்தார். முப்பத்தொன்பதாம் வயதில் அவருக்கு இரண்டு மணிக்கட்டும் வீங்கின. கிருமியோடு சண்டை போட வேண்டிய செல்கள் சொந்த மூட்டையே பகையாக நினைத்துத் தாக்குகிற வாதம். காலையில் சட்டைப் பொத்தானைப் போட மனைவி வர வேண்டும். மூட்டு டாக்டர் கொடுத்த மருந்தில் மூன்று வருடத்தில் வீக்கம் வடிந்தது. ஆனால் அந்த மருந்து தாக்குகிற செல்களோடு சேர்த்துக் காக்கிற செல்களையும் அடக்கிவிடும். சாதாரணச் சளி பிடித்தாலும் அவருக்கு நெஞ்சில் இறங்கிவிடும்.

மருந்தை யாருக்கு நிறுத்தலாம் என்பதுதான் டாக்டரின் ஆராய்ச்சி. மூட்டின் உட்புறச் சவ்வில் ஒரு வகை செல்கள் வரிசையாக நின்று வீக்கத்தைத் தணிக்கின்றன என்று அவள் கண்டிருந்தாள். ‘காவல் செல்’ என்று பேச்சுக்கு ஒரு பெயரும் வைத்தார்கள். அவை நிறைய இருப்பவர்களுக்கு மருந்தை நிறுத்தினாலும் வீக்கம் திரும்பாது என்பது அவள் கணக்கு. அறுபது பேரிடம் சோதித்துப் பார்க்க வேண்டும்.

“உன் வீட்டுக்காரரையும் சேத்துக்கலாமாடி? அவரை மாதிரி நல்லா வடிஞ்சவங்கதான் எனக்கு வேணும்.”

“நீ பாத்துக்குவேன்னா சரி.”

கணவர்தான் தயங்கினார். “நிறுத்தினா திரும்பி வந்துட்டா?”

“அவ சொல்றான்னா யோசிக்காமயா சொல்லுவா” என்று சொல்லிக் கையெழுத்துப் போட வைத்தவள் சாயக்காரி.

தகட்டில் எண்தான் இருக்கும், பெயர் இருக்காது. ஆனாலும் கணவரின் மூட்டில் ஊசி குத்திச் சவ்வுத் துணுக்கு எடுத்த நாளில் வந்தது ஒரே ஒரு மாதிரி, நாற்பத்தொன்று. காவல் செல்களைப் பழுப்பாகக் காட்டும் சாயத்தை அதற்கு ஏற்றிப் பார்த்தாள். பழுப்பு வரிசை இடைவெளி இல்லாமல் நின்றது. வீட்டுக்கு வந்து, “தைரியமா நிறுத்துங்க” என்றாள்.

ஏழாவது வாரம் இரண்டு மணிக்கட்டும் திரும்ப வீங்கின.

டாக்டர் கையைத் திருப்பிப் பார்த்தாள். மருந்தை மறுபடி எழுதிக் கொடுத்தாள். அவரை வெளியே உட்காரச் சொல்லிவிட்டு, சாயக்காரியிடம் குரலைத் தாழ்த்திச் சொன்னாள். “தப்பா எடுத்துக்காத. அவர் பாரம் தூக்காம இருந்திருக்க மாட்டார். தகட்டுல எல்லாம் சரியா இருக்கு. ஆள்தான் சொன்னபடி இல்ல.”

வீட்டில் சாயக்காரி விசாரணையைத் தொடங்கினாள்.

“லேத்ல கனமா எதையாவது தூக்கி மாட்டுனீங்களா?”

“இல்லம்மா. ரெண்டு மாசமா மெஷின் பக்கமே போகல. அளவு மட்டும்தான் பாக்குறேன்.”

“அப்ப டாக்டர் பொய் சொல்றாளா?”

அவர் எழுந்து வாசலுக்குப் போனார். அவளும் விடவில்லை. அவருக்குத் தெரியாமல் பட்டறைக் கூட்டாளியைக் கூப்பிட்டு, “அவர் வேலை செஞ்சாரா, உண்மையைச் சொல்லுங்க” என்று கேட்டாள். கூட்டாளி அதை அவரிடமே சொல்லிவிட்டார். அதற்குப் பிறகு பொத்தான் போட அவர் அவளைக் கூப்பிடவில்லை. கால் மணி நேரம் ஆனாலும் தானே போட்டுக்கொண்டார்.

ஒரு வருடம் கழித்து, காவல் செல் நிறைய இருப்பவர்களுக்கு மருந்தை நிறுத்தலாம் என்ற டாக்டரின் கட்டுரை பெரிய பத்திரிகையில் வந்தது. ஆராய்ச்சிக்கூடத்தில் எல்லோரும் கைதட்டினார்கள். சாயக்காரியும் தட்டினாள். அடுத்த வாரம் அவளுக்கு ஓர் உத்தரவு வந்தது. சாய வேலையில் பத்து நாள் மறுபயிற்சி.

இயக்குநரிடம் போனாள். “எதுக்கு சார்? என் தகடு ஒண்ணுகூடத் திரும்பி வந்ததில்லையே.”

“ஒண்ணு இல்லம்மா, ஒன்பது” என்று கட்டுரையின் கடைசிப் பக்கத்தைத் திருப்பிக் காட்டினார். சாயம் சரியாக ஏறாததால் ஒன்பது மாதிரிகள் விலக்கப்பட்டன என்று இருந்தது. கீழே எண்கள். நான்காவதாக நாற்பத்தொன்று.

அவளுக்கு ஒரு தகட்டையும் தூக்கி எறிகிற வழக்கமில்லை. அலமாரியிலிருந்து ஒன்பதையும் எடுத்து ஒவ்வொன்றாக நுண்ணோக்கியில் வைத்தாள். ஒன்பதிலும் பழுப்பு பளிச்சென்று இருந்தது. கடைசித் தகட்டை இரண்டு தடவை வைத்துப் பார்த்தாள்.

மதியம் டப்பாவைத் திறக்காமல் உட்கார்ந்திருந்தாள். டாக்டர் வந்ததும் கேட்டாள்.

“அந்த ஒன்பது பேருக்கும் வீக்கம் திரும்பிடுச்சு. அப்படித்தானே?”

டாக்டர் நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டாள். “அந்த ஒன்பதையும் வெச்சா கட்டுரை நிக்காதுடி. எங்க பிரிவையே மூடுறதா இருந்தாங்க. உன் வேலையும்தான் போயிருக்கும்.”

“அதுக்கு என் கைமேல பழியா?”

“உன் பேரைப் போடலையே. சாயம்னுதான் போட்டேன்.”

“இங்க சாயம் ஏத்துறவ நான் ஒருத்திதானே.” பிறகு, “அவர் பாரம் தூக்கினார்னு சொன்னியே. அப்பவே உனக்குத் தெரியுமா?” என்று கேட்டாள்.

டாக்டர் மேசையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். “அதுக்கு முன்னாடியே நாலு பேருக்குத் திரும்பியிருந்துச்சு.”

“காவல் நின்னும் ஏன் வீங்குச்சுன்னு நீ தேடியிருக்கணும். அதுதானே உன் வேலை. அதை விட்டுட்டு என் புருஷன்மேல போட்டுட்ட.”

கூட இருந்தே குழி பறிப்பார்கள் என்று சொல்லக் கேட்டிருக்கிறாள். கூட உட்கார்ந்து சாப்பிட்டுக்கொண்டே பறிப்பார்கள் என்று அன்றுதான் தெரிந்தது. டப்பாவை எடுத்துக்கொண்டு எழுந்துவிட்டாள்.

அன்று மாலை கணவரிடம் எல்லாவற்றையும் சொன்னாள். மன்னிச்சிடுங்க என்றும் சொன்னாள்.

“அவங்க பொய் சொன்னது இருக்கட்டும். அவங்க யாரோ. நீ கூட்டாளிகிட்ட போய் என்னைப் பத்திக் கேட்ட பாரு.” சொல்லிவிட்டுச் சட்டைப் பொத்தானைத் தானே கழற்றத் தொடங்கினார்.

மறுநாள் ஒன்பது தகட்டையும் படம் எடுத்து, சாயம் ஏற்றிய நாள், சரிபார்த்த குறிப்பு எல்லாவற்றையும் சேர்த்துப் பத்திரிகைக்கும் இயக்குநருக்கும் அனுப்பினாள். டாக்டரை நேரில் பார்த்து, “அனுப்பிட்டேன். உன் முதுகுக்குப் பின்னாடி செய்ய விரும்பல” என்று சொல்லிவிட்டு வந்தாள்.

விசாரணை ஏழு மாதம் நடந்தது. அதுவரை அவளைப் பொருள் கிடங்கில் உட்கார வைத்தார்கள். பதினேழு வருடம் சிரித்துப் பேசியவர்கள் படிக்கட்டில் அவளைக் கண்டதும் கைப்பேசியைப் பார்த்தார்கள். கடைசியில் பத்திரிகை ஒரு திருத்தம் போட்டது. ஒன்பது மாதிரிகளும் சேர்க்கப்பட்டன. காவல் செல்களை மட்டும் நம்பி மருந்தை நிறுத்த முடியாது என்று முடிவு மாறியது. சாயக்காரி தன் அறைக்குத் திரும்பினாள். டாக்டர் வேறொரு நிறுவனத்துக்குப் போய்விட்டாள், இன்னும் உயர்ந்த பதவியில். போகும் அன்று அவளிடம் சொல்லிக்கொள்ளவில்லை. சாயக்காரியும் ஜன்னலுக்குப் போய்ப் பார்க்கவில்லை.

இயக்குநரிடம் அவள் கேட்டது ஒன்றுதான். அந்த ஒன்பது பேருக்கும் தவறு அவர்களுடையது இல்லை என்று எழுத்தில் போக வேண்டும். போயிற்று. மருந்தை மறுபடி தொடங்கியதில் கணவரின் வீக்கம் பெரும்பாலும் வடிந்திருந்தது, வலது மணிக்கட்டு மட்டும் முழுசாகத் திரும்பவில்லை. அவர் கடிதத்தைப் பட்டறை மேசையில் வைத்து இரண்டு தடவை படித்தார்.

“மத்த எட்டு வீட்டுலயும் இப்படித்தான் யாராவது யாரையாவது சந்தேகப்பட்டுக் கேட்டிருப்பாங்க இல்ல?” என்றார்.

அவள் தலையாட்டினாள். அவர் கடிதத்தை மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு வேலையைப் பார்க்கப் போனார்.