உப்புநீரில் கரையாத துளி

என் கிளினிக் மேஜையின் இழுப்பறையில், காகிதத்தில் மடித்த ஒரு கண்ணாடி ஸ்லைடு இருக்கிறது. அதில் காய்ந்துபோன ரத்தம், திரிந்த பாலைப் போலத் திட்டுத் திட்டாக. ராணி என்ற நாட்டு நாயின் ரத்தம் அது. அதைத் தூக்கி எறிய எனக்கு மனம் வரவில்லை. யோக்கியதையும் இல்லை.

கால்நடை மருத்துவம் படித்து முடித்த கையோடு, கோயம்புத்தூரில் பெரிய டாக்டரிடம் உதவி மருத்துவராகச் சேர்ந்தேன். அவரைப் போல மரியாதையான மனிதரை நான் பார்த்ததில்லை. நாயைக்கூட, "வாங்க, மேல ஏறுங்க" என்றுதான் மேஜைக்குக் கூப்பிடுவார். அதட்டுகிற ஆளாக இருந்தால் எதிர்த்துப் பேசியிருக்கலாம். இவ்வளவு தன்மையான மனிதரை, அதுவும் நாய்க்காரர் முன்னால், மறுத்துப் பேசுவதாவது! எங்கள் ஊர் வளர்ப்பு அப்படி. சோறு வேண்டாம் என்பதையே மூன்று சுற்றுச் சுற்றித்தான் சொல்லுவோம்.

ராணியைக் கொண்டுவந்தவர் அவிநாசிப் பக்கத்து அக்கா ஒருவர். பனியன் கம்பெனியில் செக்கிங் வேலை, தனிக்கட்டை. ஆம்னி வேனில் மடியிலேயே போட்டுக்கொண்டு வந்திருந்தார். "ஏனுங்க, நேத்துலருந்து சோறு திங்கலீங்க. மூத்திரம் காப்பித் தண்ணியாட்டப் போகுதுங்க. ஊட்டுல எனக்குப் பேச்சுத் துணைக்கு இது ஒண்ணுதானுங்க" என்றார். ஈறு வெளுத்துக் கண் மஞ்சளித்திருந்தது. பெரிய டாக்டர் காதைப் புரட்டினார். உள்ளே ஒரே ஒரு உண்ணி. அவ்வளவுதான், தீர்ப்பு எழுதியாகிவிட்டது. "உண்ணிக் காய்ச்சலுங்க. ஊசி போட்டுக்கலாம், சரியாப் போயிருமுங்க." எங்கள் பக்கம் வெளுத்துப்போன நாய் எது வந்தாலும் அதற்கு உண்ணிக் காய்ச்சல்தான். பத்துக்கு எட்டு சரியாகவும் இருந்துவிடும். அதுதான் வினை.

எனக்கு என்னவோ உறுத்தியது. ஸ்லைடில் ஒரு துளி ரத்தம் விட்டு, அதன்மேல் உப்புநீர் விட்டு ஆட்டிப் பார்த்தேன். நல்ல ரத்தம் என்றால் உப்புநீரில் பிரிந்து கலந்துவிடும். இது கலக்கவில்லை. சிவப்பணுக்கள் ஒன்றையொன்று பிடித்துக்கொண்டு கட்டி கட்டியாகவே நின்றன. உடம்பின் காவல்படையே தன் ரத்தத்தைப் பகையென்று நினைத்து அழிக்கிற நோய் அது. உண்ணி அதைக் கிளப்பிவிட்டிருக்கலாம். ஆனால் உண்ணி மருந்து மட்டும் போதாது. அந்தப் படையை அடக்க ஸ்டீராய்டு உடனே வேண்டும். ஸ்லைடை அவரிடம் நீட்டி, "டாக்டர், கட்டி கட்டியா இருக்குதுங்க" என்றேன். அவர் குனிந்துகூடப் பார்க்கவில்லை. "ரத்தம் உறைஞ்சிருக்கும் கண்ணு. காய்ச்சக்கார நாய்க்கு வேற என்ன பண்ணச் சொல்ற?" என்று சிரித்தார். அக்கா என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். நான் சொன்னது இரண்டே வார்த்தை.

"சரிங்க டாக்டர்."

வாயுள்ள பிள்ளை பிழைக்கும் என்பார்கள். வாயில்லாத ஜீவனுக்காகப் பேச வேண்டிய வாய் என்னுடையது. அந்த வாய் மரியாதையைக் கட்டிக்கொண்டு கிடந்தது. மூன்றாம் நாள் ராணி செத்துப்போனது. ஸ்டீராய்டு கொடுத்தும் தப்பாத நாய்கள் உண்டு. ராணி பிழைத்திருக்கும் என்று நான் சத்தியம் செய்ய மாட்டேன். ஆனால் அதற்கு அந்த வாய்ப்பே கிடைக்கவில்லை. அடுத்த வாரம் அக்கா ஒரு பை நிறைய முருங்கைக்காயோடு வந்தார், நன்றி சொல்ல! "உங்களால ஆனதப் பண்ணிப்போட்டீங்க. அதுக்கு ஆயுசு அவ்வளவுதானுங்க." வைதிருந்தால் தாங்கியிருப்பேன். முருங்கைக்காயை இன்றுவரை என்னால் சாப்பிட முடிவதில்லை.

பிறகு தனியாக கிளினிக் வைத்தேன். போன மாதம் பெரிய டாக்டர் தன் வீட்டு லேப்ரடாரைத் தூக்கிக்கொண்டு வந்தார். தொழிலை விட்டு ஓய்ந்துபோன மனிதர். அதே வெளுத்த ஈறு, அதே காப்பித் தண்ணி. அவரே ஊசி போட்டுப் பார்த்திருக்கிறார், கேட்கவில்லை. நான் ஸ்லைடில் துளி விட்டேன். கட்டி கட்டியாக நின்றது. இந்தமுறை கண்ணாடியை மாட்டிக்கொண்டு குனிந்து பார்த்தார், வெகுநேரம். அன்றைக்கே ஸ்டீராய்டு ஆரம்பித்தோம். நாய் பிழைத்துக்கொண்டது.

நேற்று அதை மறுபரிசோதனைக்குக் கூட்டிவந்தவர், அதன் தலையைத் தடவியபடி, என்னைப் பார்த்து ரொம்பத் தன்மையாகச் சொன்னார்: "இத்தனை வருசம் எங்கூட இருந்தயே கண்ணு. இப்படி ஒண்ணு இருக்குதுன்னு அப்பவே ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமல்லோ?"

ராணியை அவருக்கு நினைவே இல்லை. கை இழுப்பறையைத் திறந்துவிட்டது. விரல் அந்தக் காகித மடிப்பைத் தொட்டது. எடுத்து மேஜைமேல் வைத்தால் போதும். ஆனால் வாசலில் நான்கு பேர் தங்கள் நாய்களோடு காத்திருந்தார்கள். அவருக்கும் வயதாகிவிட்டது.

இழுப்பறையை மூடினேன்.

"சரிங்க டாக்டர்" என்றேன்.