சிதறுகாய்க்கு ஒரு கட்டைவிரல்

எனக்குப் பொழுதுபோக்கு என்று எதுவும் கிடையாது. ஐம்பத்திரண்டு வயது வரை அதை ஒரு குறையாக யாரும் சொன்னதில்லை. வேலை பார்ப்பேன், சாப்பிடுவேன், கொஞ்ச நேரம் கூரையைப் பார்த்துக்கொண்டு படுத்திருப்பேன். கழக்கூட்டத்தில் இருக்கும் எங்கள் மென்பொருள் அலுவலகத்தில் ஒருநாள், ஒருவரை ஒருவர் அறிந்துகொள்வதற்கு என்று ஒரு கூட்டம் வைத்தார்கள். ஆளுக்கு இரண்டு நிமிடம் தன் பொழுதுபோக்கைப் பற்றிப் பேச வேண்டும். வருடக்கணக்கில் ஒரே மைக்ரோவேவில் சோறு சூடாக்கிக்கொண்டிருக்கும் ஆட்களுக்கு இனிமேல் அறிந்துகொள்ள என்ன இருக்கிறது என்று எனக்கு விளங்கவில்லை.

ஒருவர் ஞாயிறுதோறும் சைக்கிளில் பொன்முடி மலை ஏறுகிறாராம். ஒரு பெண் மொட்டைமாடியில் பைகளில் மண் நிரப்பித் தக்காளி வளர்க்கிறாள். ஒவ்வொரு தக்காளியும் பூத்த நாளிலிருந்து குழம்பில் விழும் நாள் வரை படமாக எங்கள் போனுக்கு வந்துகொண்டே இருக்கும். என்னைக் கேட்டால், பொழுதுபோக்கு என்பது சம்பளம் இல்லாத இரண்டாவது வேலை. அதற்கும் கருவி வாங்க வேண்டும், விடியற்காலை எழுந்திருக்க வேண்டும், போன வாரத்தைவிட இந்த வாரம் முன்னேறியிருக்க வேண்டும், அதைப் பத்துப் பேரிடம் காட்டவும் வேண்டும். இதற்குப் பேசாமல் ஓவர்டைம் பார்க்கலாம். என் முறை வந்தபோது, படுத்திருப்பேன் என்று சொல்ல வாய் வரவில்லை. "சாயங்காலம் கோயிலுக்குப் போவேன்" என்றேன். எல்லோரும் மரியாதையாகத் தலையாட்டினார்கள்.

அது முழுப் பொய் இல்லை. எவ்வளவு உண்மை என்பதைச் சொல்ல, முதலில் போனைப் பற்றிச் சொல்ல வேண்டும்.

மென்பொருளுக்கு உதவிக் குறிப்பு எழுதுவது என் வேலை. எந்தப் பொத்தானை அழுத்தினால் என்ன ஆகும், தெரியாமல் அழுத்திவிட்டால் என்ன செய்வது என்று பக்கம் பக்கமாக எழுதுவேன். அதை யாரும் படிப்பதில்லை. பெரும்பாலும் ஊருக்குள், ஸ்ரீவராகத்தில் இருக்கும் என் வீட்டிலிருந்தபடியே வேலை. எங்கள் வாடிக்கையாளர்களுக்கு நம்முடைய மாலையில்தான் பொழுது விடியும். ஆகவே ஆறு மணி ஆனால் போன் அலற ஆரம்பிக்கும். போனைத் தயாரித்தவர்கள் அதில் அணைக்கும் பொத்தானை வைத்திருக்கிறார்கள். அதை அழுத்தும் அனுமதியைத்தான் நம்மைச் சுற்றியிருப்பவர்கள் தருவதில்லை. 'அணைத்து வைத்திருந்தேன்' என்று சொன்னால், உடம்புக்கு என்ன, வீட்டில் சண்டையா, வேறு வேலை தேடுகிறாயா என்று மூன்று கேள்வி வரும். 'கோயிலில் இருந்தேன்' என்றால் ஒரு கேள்வியும் வராது. இந்த ஊர்ப் பெரிய கோயிலுக்குள் போன் கொண்டுபோகக் கூடாது. ஆண்கள் சட்டையும் போடக் கூடாது. சட்டையே இல்லாதவனிடம் போனை எங்கே வைத்தாய் என்று யாரும் கேட்க முடியாது.

இதைக் கண்டுபிடித்த நாளிலிருந்து ஆறு மணிக்கு வேட்டி கட்டிக்கொள்வேன். அலுவலக அரட்டைப் பெட்டியில் ஒரு விளக்குப் படம் போடுவேன். போனை பிரிட்ஜ் மேல் வைத்துவிட்டுக் கிளம்பிவிடுவேன். வாரத்தில் மூன்று நாள் உண்மையிலேயே உள்ளே போய் தீபாராதனை பார்ப்பேன். மற்ற நாள் கடையில் ஒரு ரசவடை, பிறகு குளக்கரையில் சும்மா உட்கார்ந்திருத்தல். ஒரு மாதத்துக்குள் எங்கள் ஆறரை மணிக் கூட்டத்தை ஏழரைக்கு மாற்றிவிட்டார்கள். எத்தனையோ மின்னஞ்சல் எழுதிக் கெஞ்சியும் நடக்காத காரியம் அது.

என் மனைவி நாங்கள் குடியிருக்கும் தெருவிலேயே பிறந்தவள். விடியற்காலையில் குளித்துக் கோயிலுக்குப் போய்வருகிற உண்மையான பக்தை. அவளை ஏமாற்ற முடியவில்லை.

"கோவிலுக்குப் போனவர் வாயிலே ரசம் மணக்கறதே, கேட்டேளா?"

"பிரசாதம்" என்றேன்.

"எந்தக் கோவில்லே ரசவடை பிரசாதம்? சொல்லுங்கோ, நானும் வரேன்."

அலுவலகத்தில் இப்படிக் குறுக்கு விசாரணை இல்லை. அங்கே என் மதிப்பு ஏறிக்கொண்டே போனது. விசா நேர்முகத்துக்குப் போகிறவர் என்னிடம் வந்து, "ஒண்ணு பிரார்த்திக்கணே சார்" என்று மலையாளத்தில் வேண்டிக்கொள்ளச் சொல்லிவிட்டுப் போவார். பிளாட்டுக்கு வாடகைக்காரர் வராதவர், மனைவிக்குப் பிரசவம் நெருங்கியவர் எல்லோரும் வந்தார்கள். எல்லோரிடமும் "ஆகட்டும்" என்றேன். விசா கிடைத்தது, குழந்தை பிறந்தது. நானும் ரசவடை தின்றுகொண்டிருந்தேன்.

எங்கள் குழுவுக்குத் தலைவி என்னைவிட இருபது வயது இளையவள். நாகர்கோவில்காரி. கழக்கூட்டத்தில் வாடகை பிளாட்டில் தனியாக இருந்தாள். அம்மா இல்லை, உடன்பிறந்தவர்களும் இல்லை. அப்பாவுக்கு நெஞ்சுவலி வந்து, இந்த ஊர் ஆஸ்பத்திரி ஒன்றில் கொண்டுவந்து சேர்த்தாள். வியாழக்கிழமை காலை இருதயத்தில் ஆபரேஷன். புதன்கிழமை மத்தியானம் எனக்குப் போன் செய்தாள்.

"சார், ஒரு உதவி செய்யணும். நாளைக்கு ஏழரைக்கு அப்பாவ உள்ள கொண்டு போறாங்க. அதுக்கு முன்னால பழவங்காடியில ஒரு தேங்கா ஒடைக்கணும். என்னால இங்கன விட்டு நகர முடியாது."

பழவங்காடிப் பிள்ளையாருக்குச் சிதறுகாய் போடாமல் இந்த ஊரில் பெரிய காரியம் எதுவும் தொடங்குவதில்லை. பரீட்சை, புது வண்டி, தூரப் பயணம், எதுவானாலும் முதலில் அங்கே ஒரு தேங்காயை ஓங்கி எறிந்துவிட்டுத்தான் போவார்கள். என் வீட்டிலிருந்து நடந்து போகிற தூரம்தான்.

"வேற யாரையாவது விட்டு ஒடைக்கலாம் சார். ஆனா நீங்க தெனமும் போற ஆளு. நீங்க சொன்னா பிள்ளையாரு கேப்பாரு."

"கண்டிப்பா" என்றேன். கூட்டங்களில் நாளுக்குப் பத்து முறை சொல்கிற அதே கண்டிப்பா.

மனைவியிடம் இதைச் சொல்லவில்லை. சொன்னால், உங்களை நம்பியா ஒரு பெண் பிரார்த்தனையை ஒப்படைத்தாள் என்று சிரிப்பாள். ஐந்தரைக்கு அலாரம் வைத்துப் படுத்தேன். காலையில் நல்ல மழை. அலாரம் சரியாக ஐந்தரைக்கு அடித்தது. நான்தான் அணைத்தேன். தொழில்நுட்பத்தின் மேல் பழி போட இதில் ஒன்றுமில்லை.

கண் விழித்தபோது ஏழே கால். போனில் அவளுடைய செய்தி இருந்தது.

"ஒடச்சாச்சா சார்? உள்ள கொண்டு போகப் போறாங்க."

இந்தக் காலத்துப் போன்கள் நமக்கு யோசிக்கிற சிரமத்தைக்கூட வைப்பதில்லை. என் போன் செய்திக்குக் கீழேயே பதில்களைத் தயாராக அடுக்கி வைத்திருந்தது. ஆம். இல்லை. ஓரத்தில் உயர்த்திய கட்டைவிரல் ஒன்று. 'இல்லை' என்றால் அந்த நேரத்தில் அந்தப் பெண் ஆடிப்போவாள். 'ஆம்' என்று சொல்ல எனக்கே கூசியது. கட்டைவிரலை அழுத்தினேன். அதுவும் பொய்தான், எனக்குத் தெரியும். ஆனால் வாயால் சொல்லியிருந்தால் நாக்கு கொஞ்சமாவது இடறியிருக்கும்.

உடனே ஓடிப்போய் உடைத்துவிடலாம் என்றுதான் எழுந்தேன். பல் துலக்கும்போதே அலுவலகத்திலிருந்து அழைப்பு வந்தது. அவள் விடுப்பில் இருந்ததால் அவளிடம் போக வேண்டிய கேள்வி என்னிடம் வந்தது. ஐந்து நிமிட வேலை என்றார்கள். முடியும்போது எட்டரை ஆகிவிட்டது. அனுப்பிய கட்டைவிரலை அழித்துவிடலாமா என்றுகூட யோசித்தேன். அழித்தால், இங்கே இருந்ததை அழித்திருக்கிறான் என்று அந்தப் போனே அவளிடம் சொல்லிவிடும். அப்படியே விட்டுவிட்டேன்.

அன்று காலை முழுவதும் எனக்கு ஒரு வரி ஓடவில்லை. நான் நம்பாத ஒரு தேங்காய்க்காக இப்படித் திரும்பத் திரும்பக் கடிகாரத்தைப் பார்ப்பானேன் என்று என்மேலேயே எரிச்சலாக வந்தது. பன்னிரண்டு மணிக்குச் செய்தி வந்தது. "அப்பா நல்லா இருக்காங்க சார். பிள்ளையாரும் கைவிடல, நீங்களும் கைவிடல." படித்துவிட்டு நாற்காலியில் சாய்ந்துகொண்டேன். சாயங்காலம் ஆறு மணிக்கு, ரசவடைக் கடைப் பக்கம் திரும்பாமல் நேராகப் பழவங்காடிக்குப் போய் ஒரு தேங்காய் வாங்கி எறிந்தேன். நன்றாகவே சிதறியது. பிள்ளையாருக்குக் காலை ஏழும் ஒன்றுதான், மாலை ஆறும் ஒன்றுதான் என்று சொல்லிக்கொண்டேன்.

மறுநாள் அலுவலகம் முழுக்கச் செய்தி பரவிவிட்டது. சார் உடைத்த தேங்காய், சாரின் கைராசி. என்னை அதுவரை ஏறிட்டும் பார்த்திராத வேறு மாடிக்காரர்கள் பெயரும் நட்சத்திரமும் எழுதி அனுப்பினார்கள். சைக்கிள்காரர் முட்டி வலிக்கு ஒரு தேங்காய் கேட்டார். எனக்கு அதில் கொஞ்சம் பெருமை வந்தது என்பதையும் சொல்லிவிட வேண்டும். வேண்டுதல்களை ஒரு பட்டியலாக எழுதக்கூட ஆரம்பித்தேன்.

அந்தப் பட்டியலைத்தான் அடுத்த வாரம் சனிக்கிழமை மனைவி பார்த்தாள். என்ன இது என்றாள். சிரிப்பாள் என்று நினைத்து எல்லாவற்றையும் சொன்னேன். கட்டைவிரல் வரைக்கும் சொன்னேன். அவள் சிரிக்கவில்லை.

"நேக்கு ஒரு வார்த்தை சொல்லியிருந்தா நான் போயிருப்பேனே. அன்னிக்கு அஞ்சு மணிக்கே எழுந்துண்டாச்சு. அந்த வழியாத்தானே வந்தேன்."

பட்டியலை என் கையில் திருப்பிக் கொடுத்தாள்.

"இன்னிக்கே போய் அந்தப் பொண்ணுகிட்டே சொல்லிடுங்கோ. போன்லே வேண்டாம். நேரே போங்கோ."

ஆறு மணிக்கு ஆஸ்பத்திரிக்குப் போனேன். கையில் ஒரு பை நிறைய ஆரஞ்சு. வழியெல்லாம் எப்படிச் சொல்வது என்று ஒத்திகை பார்த்துக்கொண்டேன். தூங்கிவிட்டேன், ஆனால் சாயங்காலம் உடைத்துவிட்டேன், எப்படியோ எல்லாம் நல்லபடியாக முடிந்ததே. மூன்றாவது வாக்கியத்தில் அவளும் சிரித்துவிடுவாள் என்று கணக்குப் போட்டிருந்தேன்.

அவளுடைய அப்பா தலையணையில் சாய்ந்து உட்கார்ந்திருந்தார். நாகர்கோவிலில் பாத்திரக் கடை வைத்திருந்தவர். நெஞ்சில் பெரிய கட்டு. மகள் என்னை யாரென்று சொன்னதுமே கையை நீட்டி என் கையைப் பிடித்துக்கொண்டார்.

"ஒங்களத்தான் பாக்கணும்னு இருந்தேன். அந்த ஆபரேஷன் வாசல்ல வண்டிய நிறுத்துனப்ப வண்டிக் கம்பிய விடாமப் பிடிச்சுக்கிட்டேன். வேண்டாம், வீட்டுக்குப் போயிருவோம்னு சொல்லிட்டேன். மக போனக் காட்டுனா. சார் தேங்கா ஒடச்சாச்சுப்பா, இனி பயப்படாதீங்கன்னா. பொறவு எனக்குப் பயமே இல்ல பாத்துக்கிடுங்க."

ஆரஞ்சுப் பையைச் சரியாக வைக்கிறவனைப் போல என் கையை உருவிக்கொண்டேன். அவர் சொல்லி முடிக்கும்வரை நின்றதே பெரிய காரியம். அவளை வராந்தாவுக்குக் கூப்பிட்டு, ஒத்திகை பார்த்ததையெல்லாம் மறந்து, "அன்னிக்குக் காலைல நான் போகல. தூங்கிட்டேன். உங்களுக்குப் பொய்தான் அனுப்பினேன்" என்றேன்.

அவள் என்னைப் பார்க்கவில்லை. எதிர்ச் சுவரைப் பார்த்துக்கொண்டு நின்றாள். கோபப்பட்டுத் திட்டினால் நன்றாக இருக்கும் போலிருந்தது.

"சாயங்காலம் போய் உடைச்சேன்" என்றேன்.

"தேங்காய விடுங்க சார்." குரல் சாதாரணமாகத்தான் இருந்தது. "அந்த வாசல்ல வச்சு அப்பாகிட்ட நான் கடைசியா சொன்னது அதுதான். அதுக்கு மேல ஆஸ்பத்திரிக்காரங்க என்னைய உள்ள விடல. அப்பா திரும்பி வராம போயிருந்தாங்கன்னா, நான் அவங்ககிட்ட கடைசியா பேசினது பொய்யா இருந்திருக்கும்."

இதை நான் நினைத்தே பார்த்திருக்கவில்லை. என் பொய் எனக்கும் அவளுக்கும் நடுவில், ஒரு போனுக்குள் இருக்கிறது என்று நினைத்திருந்தேன். அவள் அதை எடுத்துக்கொண்டு போய் அப்பாவின் காதில் சொல்லியிருக்கிறாள். மன்னித்துக்கொள்ளுங்கள் என்று சொன்னேன். அந்தச் சொல் எனக்கே வெட்கமாக இருந்தது.

அவள் துப்பட்டாவால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள்.

"அப்பாட்ட மட்டும் சொல்லிராதீங்க சார். இன்னும் தையல் பிரிக்கல. ராத்திரி வலிக்கிறப்பல்லாம் நீங்க தேங்கா ஒடச்சதத்தான் சொல்லிட்டுக் கெடக்காங்க."

சரி என்றேன். உள்ளேயிருந்து அவர், "சார் போயிட்டாங்களா?" என்று கேட்டார். "இல்லப்பா, இங்கனதான் நிக்காங்க" என்றாள் அவள், சிரித்த குரலில். நான் உள்ளே போய்க் கட்டிலை ஒட்டிப் போட்டிருந்த ஸ்டூலில் உட்கார்ந்தேன். அவர் மறுபடியும் என் கையைப் பிடித்துக்கொண்டு, அந்த வாசலையும் போனையும் பற்றி முதலிலிருந்து சொல்ல ஆரம்பித்தார். அவள் தலைமாட்டில் நின்று ஆரஞ்சு உரித்துக்கொண்டிருந்தாள். அவர் சொல்லி முடிக்கும்வரை நான் கையை எடுக்கவில்லை.