கயிற்றைக் கொடாதவர்

"...கிள்ளுறது தெரியேல்லையெண்டால், முள்ளந்தண்டு நரம்பில காத்துக் குமிழி அடைச்சிட்டுது. கெதியாத் திரும்ப இறக்குங்கோ!" என்றார், சுழியோடியை இறக்கி ஏற்றும் கயிற்றைப் பிடிக்கும் கயிற்றுக்காரர், அவன் கால்விரலை விடாமல்.

திருகோணமலைத் துறைமுகத்தில் தாழ்ந்த கப்பலின் இரும்பை எடுக்கும் வள்ளம் எங்களுடையது. ஆழத்திலிருந்து அவசரமாக ஏறிய சுழியோடிக்கு இடுப்புக்குக் கீழே உணர்வில்லை.

"காக்கா, என்ர கால் எங்க?" என்று கயிற்றுக்காரரை அண்ணன் முறை சொல்லி அழைத்து அழுதான்.

"ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போவம்," என்றேன் நான்.

"கரை சேர முதல் கால் போயிடும் தம்பி. கீழ போனால் குமிழி சுருங்கும். பிறகு ஆறுதலா ஏத்தலாம்."

"கால் ஏலாதவனைத் தனிய எப்படி இறக்கிறது?"

மூதூர்க்காரரான அந்த மெலிந்த மனிதர், சோறு தின்னும்போதுகூடச் சுழியோடியின் கயிற்றைப் பிறர் கையில் கொடுத்ததில்லை.

அதை என் கையில் திணித்துவிட்டு, மற்றச் சுழியோடித் தலைக்கவசத்தை எடுத்துத் தானே மாட்டிக்கொண்டார்.