ஏழு முறை ஒலிக்கும் மணி

அந்த ஆஸ்பத்திரியில் அவளைக் காது மேடம் என்றுதான் கூப்பிடுவார்கள். முப்பது வருடமாக இரண்டாவது மாடியின் கோடியில், சுவர் முழுக்கப் பஞ்சு அடைத்த ஒரு சின்ன அறைக்கு வெளியே மெஷினோடு உட்கார்ந்திருந்தாள். உள்ளே இருப்பவருக்கு எவ்வளவு கேட்கிறது என்று கண்ணாடி வழியாகப் பார்த்துத் தாளில் குறித்துக் கொடுப்பது அவள் வேலை. உள்ளே போகிறவர் ஹெட்போனை மாட்டிக்கொள்ள வேண்டும். கையில் ஒரு பொத்தான் இருக்கும். சத்தம் கேட்டால் அழுத்த வேண்டும், அழுத்தினால் அவள் மேஜையில் சிவப்பு விளக்கு எரியும்.

இவ்வளவுதான் விஷயம். ஆனால் இதற்குள் மனிதர்கள் எத்தனை பொய் சொல்வார்கள் என்பது அவளுக்குத்தான் தெரியும். "கேட்டா அழுத்துங்க. கேக்காம அழுத்தாதீங்க. இது ஒண்ணும் பரீட்சை இல்ல" என்று ஒரு நாளைக்கு இருபது தடவை சொல்லுவாள். யாரும் காதில் போட்டுக்கொள்ள மாட்டார்கள். உண்மையாகக் கேட்டவருக்கு முதலில் கண் அசையும், அப்புறம்தான் விரல். கேட்காமல் அழுத்துகிறவருக்கு விரல் முந்திக்கொள்ளும். அதற்குப் பின்னால் கண் மெதுவாக வந்து, சரியா என்று அவள் முகத்தைப் பார்க்கும். அப்படிப் பார்க்கிறவர்களை அவள் ஒருநாளும் விட்டதில்லை.

வேலையில் இப்படிக் கறாராக இருந்தவளுக்கு வீட்டில் ஒரு பைத்தியம் இருந்தது. அது ஒரு ஆல்பம். ஏதோ குளிர் நாட்டுக் குழு பாடியது. என்ன பாஷை என்று அவளுக்குத் தெரியாது, பாடினவர்களுக்கே தெரியுமோ என்னவோ. கருப்பு அட்டையில் ஒரு கல் வளைவும் அதன் கீழ் முகம் தெரியாத ஒரு பெண்ணும். ஒன்பது பாட்டும் நடுவில் நிற்காமல் ஒன்றுக்குள் ஒன்றாகப் போகும். கைப்பிடியைச் சுற்றச் சுற்ற முனகும் ஒரு பழங்காலப் பெட்டி வாத்தியம், தூரத்தில் ஒரு பறை, ராஜாக்கள் காலத்துக் கல் கட்டடத்துக்குள் நின்று பாடுவதைப்போல எதிரொலிக்கும் பெண் குரல்கள். கடைசிப் பாட்டு பதினோரு நிமிடம். அதில் எல்லாம் அடங்கி, ஆண்கள் அடித்தொண்டையில் முனகிக்கொண்டிருக்க, ஒரே ஒரு பெண் குரல் மேலே ஏறும். அது ஏறி முடிக்கிற இடத்தில் ஒரு சின்ன மணி, ஊசி முனை அளவு சத்தத்தில், ஏழு தடவை ஒலிக்கும்.

அந்தக் கேசட்டை வாங்கிவந்தது அவள் புருஷன்தான். தபாலாபீசில் கடிதம் பிரிக்கும் வேலை அவருக்கு. கல்யாணமான இரண்டாவது வருடம், ஐந்தாம் மாதத்தில் அவளுக்குக் கரு கலைந்துபோனது. வருகிறவர்கள் எல்லோரும் அழாதே, அழாதே என்றார்கள். அவர் கடைக்குப் போய் மனசுக்கு ஆறுதலாக ஏதாவது கொடுங்கள் என்று கேட்டிருக்கிறார். கடைக்காரன் எந்த ஞாபகத்தில் இருந்தானோ, இதை எடுத்துக் கொடுத்துவிட்டான். போட்டுப் பார்த்ததும் மனுஷன் பதறிவிட்டார். "ஐயோ, இது இழவுப் பாட்டுல்ல! திருப்பிக் குடுத்துட்டு வரேன்" என்றார். அவள் தரவில்லை. அழாதே என்று சொல்லாத ஒரே ஆள் அந்தக் கேசட்தான். தினமும் அதைப் போட்டு அழுதாள். மணி வரும் இடத்தில் ஒன்று, இரண்டு என்று எண்ணுவாள். ஏழு வந்ததும் முகத்தைக் கழுவிக்கொண்டு எழுந்துவிடுவாள். அப்படித்தான் அந்த வருடத்தைக் கடந்தாள்.

பிறகு ஒரு மகள் பிறந்து, வளர்ந்து, வேலைக்கு வேறு ஊர் போய்விட்டாள். கேசட் இழுத்துப்போய் எப்போதோ செத்தது. அவள் அந்தக் கருப்பு அட்டையை மட்டும் எறியாமல் வைத்திருந்தாள். அதைப் பார்த்திருந்த மகள், இந்த வருடப் பிறந்தநாளுக்கு, பழைய ஒலியைப் புதிதாகச் சுத்தம் செய்து வெளியிட்ட அதே ஆல்பத்தைத் தேடிப் பிடித்து அனுப்பியிருந்தாள். ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் அவள் அதைப் போட்டுவிட்டு உட்கார்ந்தாள். "பாழடைஞ்ச மண்டபத்துல வௌவால் பாடுது" என்று சொல்லிவிட்டு, வழக்கம்போல அவள் புருஷன் பேப்பரைச் சுருட்டிக்கொண்டு பால்கனிக்கு ஓடிவிட்டார். முனகல் வந்தது. பறை வந்தது. பெண் குரல் மேலே ஏறியது.

மணி வரவில்லை.

திரும்பப் போட்டாள். வரவில்லை. வேறு ஹெட்போன் வாங்கினாள், அதைக் கடையில் திருப்பிக் கொடுத்துவிட்டு இன்னொன்று வாங்கினாள். கடைக்காரனிடம் அரை மணி நேரம் சண்டை போட்டாள். சுத்தம் செய்கிறேன் பேர்வழி என்று மணியை இரைச்சலோடு இரைச்சலாகத் துடைத்து எறிந்துவிட்டார்கள் என்று முடிவுகட்டி, ஆல்பம் போட்ட கம்பெனிக்கு மகளை விட்டுக் கடிதம் எழுதவைத்தாள். மணி ஒன்பதாவது பாட்டில் ஒன்பதாவது நிமிடம் பன்னிரண்டாவது விநாடியில் தொடங்குகிறது என்று மரியாதையாகப் பதில் வந்தது. "திமிரப் பாரு!" என்றாள்.

இதே நேரம் பார்த்து ஆஸ்பத்திரி மெஷினும் மக்கர் பண்ணியது. தினமும் காலையில் முதல் ஆள் வருவதற்குள் ஹெட்போனை மெஷின் பக்கம் எடுத்துவந்து தானே மாட்டிக்கொண்டு, ஒவ்வொரு சத்தமாக அனுப்பிக் கேட்டு, பதிவேட்டில் 'சரி' என்று எழுத வேண்டும். அது அவர்கள் தொழிலில் பல் தேய்ப்பதைப் போன்ற பழக்கம். அந்த அறையில் அவள் காதுதான் உரைகல். மெஷினும் காதும் ஒத்துப்போகவில்லை என்றால் கோளாறு மெஷினில். முப்பது வருடமாக அப்படித்தான் இருந்தது, ஒரு தடவைகூட அவள் தோற்றதில்லை. இப்போது எட்டாயிரம் என்று எண் போட்ட, எல்லாவற்றுக்கும் மேலான அந்தக் கீச்சுச் சத்தம் மட்டும் வரவில்லை. இடது வலது மாற்றி மாட்டினாள். இரண்டிலும் இல்லை. 'மெஷின் பழுது' என்று எழுதினாள்.

மெக்கானிக் வந்தார். நாற்பது வயது, நிதானமான ஆள். மீட்டரை வைத்துப் பார்த்துவிட்டு, பழுது ஒன்றுமில்லை என்று எழுதிவிட்டுப் போனார். அடுத்த மாதமும் வந்தார். அதையே எழுதினார். நடுவில் அவள் அந்த மெஷினைக் கரித்துக்கொட்டியபடியே வேலை பார்த்தாள். வருகிறவர்கள் பெரும்பாலும் வயதானவர்கள், அவர்களுக்கு எட்டாயிரம் எப்படியும் கேட்காது. குழந்தைகளுக்கு வேறு அறை, வேறு ஆள். அதனால் வண்டி ஓடிக்கொண்டிருந்தது. ஒரே ஒரு நாள், வேலையில் சேரச் சான்றிதழ் வேண்டும் என்று ஒரு வெல்டர் வந்தான். எட்டாயிரத்துக்கு டக்டக்கென்று பொத்தானை அழுத்தினான்.

கதவைத் திறந்துகொண்டு உள்ளே போனாள். "சத்தமே வராத எடத்துல எதுக்குய்யா அழுத்தற?"

"கேட்டுச்சு மேடம். சத்தியமா கேட்டுச்சு."

"எங்கிட்டயேவா? இந்த வேலைல முப்பது வருஷம் நானு!"

அவன் கண் முதலில் அசைந்ததா, விரல் முதலில் அசைந்ததா என்று அன்றைக்கு அவள் பார்க்கவில்லை. அவன் தாளில் எட்டாயிரத்துக்கு நேரே பேனாவால் ஒரு கேள்விக்குறி போட்டுக் கையெழுத்தும் போட்டாள்.

மூன்றாவது தடவை மெக்கானிக்கைக் கூப்பிட்டபோது அவருக்கும் பொறுமை போயிருந்தது. "அக்கா, எனக்கே கேக்குது. மீட்டர்ல முள்ளு நிக்குது. இதுக்கு மேல நான் என்னக்கா செய்யட்டும்?"

"உங்க மீட்டரக் கொண்டுபோய்க் குப்பைல போடுங்க தம்பி."

"சரி, ஒண்ணு செய்வோம். நீங்க உள்ள போய் உக்காருங்க. நான் வெளியே இருந்து அனுப்பறேன். எங்க விடுதுன்னு ரெண்டு பேருமே பாத்துடலாம்."

இந்த ஆளை இன்றைக்கு வாயடைக்க வைத்தே தீருவது என்றுதான் அவள் உள்ளே போனாள். கனத்த கதவு சாத்திக்கொண்டது. முப்பது வருடத்தில் நோயாளியின் நாற்காலியில் உட்காருவது அதுதான் முதல் தடவை. நாற்காலி சற்றே ஆடியது, இவ்வளவு பேர் வந்தும் ஒருத்தரும் அதைச் சொல்லவில்லையே என்று அதற்கும் கோபம் வந்தது. கீழ்ச்சுருதிச் சத்தங்கள் எல்லாம் மணிமணியாகக் கேட்டன. அழுத்தினாள், அழுத்தினாள். நாலாயிரம் கொஞ்சம் மங்கலாக வந்தது. அப்புறம் எதுவும் வரவில்லை. பஞ்சுச் சுவர், தன் மூச்சு, அவ்வளவுதான்.

அனுப்புகிற தாளம் அவளுக்கு அத்துப்படி. அந்த மெக்கானிக்குக்குச் சொல்லிக்கொடுத்ததே அவள்தான். இரண்டு துண்டுச் சத்தம், கொஞ்சம் இடைவெளி, மறுபடியும் இரண்டு. அவள் மனதுக்குள் எண்ணினாள். இப்போது வந்திருக்கும். அழுத்தினாள். கொஞ்சம் விட்டு இன்னொரு தடவையும் அழுத்தினாள். அழுத்திவிட்டு நிமிர்ந்து கண்ணாடி வழியாகப் பார்த்தாள்.

மெக்கானிக் மெஷின் முன்னால் இல்லை. தரையில் குனிந்து பைக்குள் எதையோ தேடிக்கொண்டிருந்தார். மேஜையில் விளக்கு எரிந்ததைப் பார்த்து மெதுவாக எழுந்து, ஒலிபெருக்கியின் பொத்தானை அழுத்தினார்.

"அக்கா... எட்டாயிரம் நான் இன்னும் அனுப்பவே இல்லையே."

"தெரியும். விளக்கு எரியுதான்னு பாத்தேன்" என்றாள்.

"சரிக்கா" என்றார் அவர். அவர் வாதாடியிருந்தால்கூடப் பரவாயில்லை. தலையைக் குனிந்துகொண்டு சரிக்கா என்றதைத்தான் அவளால் தாங்க முடியவில்லை. அதற்குப் பிறகு அவர் ஒவ்வொன்றாக அனுப்பினார், கூட்டிக் கூட்டி அனுப்பினார். அவள் பொத்தானைத் தொடவே இல்லை.

வெளியே வந்து தன் தாளைத் தானே வரைந்தாள். கோடு நன்றாக வந்துகொண்டே இருந்து, கடைசியில் மாடிப்படியில் கால் தவறினவனைப் போலச் சரிந்தது. இந்த மாதிரிக் கோடு எத்தனை ஆயிரம் வரைந்திருப்பாள்! "வயசாச்சுல்ல, சகஜம்தான். அடுத்த ஆள வரச்சொல்லுங்க" என்று எத்தனை பேரிடம் சொல்லியிருப்பாள்! சகஜமாம். அந்த வார்த்தையைச் சொன்ன வாயை இப்போது அறைய வேண்டும்போல இருந்தது. ஆடத் தெரியாதவள் கூடம் கோணல் என்ற கதையாக, ஒரு மெஷினை மூன்று தடவை சோதிக்கவைத்தாயிற்று. அலமாரியைத் திறந்து வெல்டரின் தாளைத் தேடி எடுத்தாள். கேள்விக்குறி பேனாவில் இருந்ததால் ரப்பருக்கு அழியவில்லை. புதுத் தாளில் திரும்ப வரைந்து, 'தவறு என்னுடையது' என்று எழுதி, அவன் விலாசத்துக்கு அனுப்பச் சொன்னாள்.

ஞாயிற்றுக்கிழமை வந்தது. மத்தியானம் புருஷன் பேப்பரைச் சுருட்டும்போதே பிடித்துக்கொண்டாள்.

"எங்க ஓடறீங்க? உக்காருங்க."

"ஏம்மா, அந்த வௌவால் கச்சேரியா?"

"கடைசிப் பாட்டு மட்டும். நடுவுல ஒரு மணி அடிக்கும். கேட்டா கையத் தூக்கணும். கேக்காம தூக்கக் கூடாது."

"எதுக்கு?"

"எனக்குக் கேக்கல. அது போயிடுச்சு. இனிமே வராது. போதுமா?" என்று கத்தினாள்.

அவர் பேப்பரைக் கீழே வைத்துவிட்டு, பள்ளிக்கூடத்துப் பையனாட்டம் கையைத் தொடையில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தார். பாட்டு ஆரம்பித்து இரண்டு நிமிடம்கூட ஆகவில்லை, கையைத் தூக்கிவிட்டார்.

"கீழ போடுங்க. பொய்."

"ஏதோ கேட்ட மாதிரி இருந்துச்சு..."

"பொய்யிங்க! முப்பது வருஷமா இதத்தான பாத்துக்கிட்டிருக்கேன்?"

பறை அடங்கியது. ஆண்கள் முனக ஆரம்பித்தார்கள். பெண் குரல் ஏறியது. அவள் பாட்டை விட்டுவிட்டு அவர் முகத்தை மட்டும் பார்த்துக்கொண்டிருந்தாள். குரல் உச்சிக்குப் போன இடத்தில் அவருடைய கண் சட்டென்று ஜன்னல் பக்கம் திரும்பியது, வாசலில் யாரோ மணி அடித்ததைப்போல. அப்புறம் கை எழுந்தது.

ஒன்று. அவளுக்கு முனகலைத் தவிர எதுவும் கேட்கவில்லை. மறுபடி கண், மறுபடி கை. இரண்டு. மூன்று. இருபத்தேழு வருடத்துக்கு முன்னால் இந்த வீட்டில் தினமும் அடித்த மணி, பால்கனிக்கு ஓடின மனுஷருக்கு இன்றைக்குத்தான் கேட்கிறது. கேட்க வேண்டியவளுக்கு இல்லை. ஆத்திரத்தில் அவளுக்குக் கண் கலங்கியது. நாலு. ஐந்து. ஆறு.

அதோடு கை நின்றுவிட்டது. முனகல் மெல்லத் தேய்ந்து பாட்டு முடிந்தது.

"ஏழு இருக்கு" என்றாள்.

"ஆறுதாம்மா கேட்டுச்சு."

"ஏழு! நான் எண்ணியிருக்கேங்க. அந்த வருஷம் பூரா தினமும் எண்ணியிருக்கேன்."

எந்த வருஷம் என்று அவர் கேட்கவில்லை. எழுந்துபோய்த் தானே அந்தப் பாட்டைத் திரும்பப் போட்டார். வந்து உட்கார்ந்து, கழுத்தை நீட்டி, நெற்றி சுருங்கக் கேட்டார். கண் அசைந்தது, கை எழுந்தது. ஒன்று, இரண்டு என்று ஆறுவரைக்கும் ஒரு தப்பும் இல்லை.

அப்புறம் கொஞ்ச நேரம் ஒன்றுமில்லை. பிறகு அவர் கை மெதுவாக மேலே போனது. கை போன பிறகுதான் கண் அசைந்தது. அது ஜன்னல் பக்கம் போகவில்லை. சரியா என்று அவள் முகத்துக்கு வந்தது.

அவள் பல்லைக் கடித்துக்கொண்டு அந்தக் கையையே பார்த்தாள்.

"ஏழு" என்றாள். முகம் கழுவ எழுந்து போனாள்.