மஞ்சள் தரையில் சிவப்புப் பொட்டுகள்

போன ஆடி மாதம் நடந்தது இது. மாமல்லபுரத்துக்குத் தெற்கே, கடற்கரைச் சாலையை ஒட்டி ஒரு வீட்டுக்கு நாங்கள் புதிதாகக் குடிபோயிருந்தோம். கணவருக்குச் சிறுசேரியில் வேலை. காலையில் கம்பெனி வண்டி ஏறினால் இருட்டிய பிறகுதான் வருவார். பகல் முழுக்க வீட்டில் நானும் எங்கள் கடுவன் பூனையும்தான். பின்னால் சவுக்குத் தோப்பு, அதற்கப்பால் கடல்.

நான் பேய்க்குப் பயப்படுகிறவள் இல்லை, பல்லிக்குத்தான் பயப்படுவேன். இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். இல்லாவிட்டால் மீதியைக் கேட்டுவிட்டுச் சிரிப்பீர்கள்.

ஆடிச் செவ்வாய் என்று வீடு முழுக்க மஞ்சள் தண்ணீர் விட்டுத் துடைத்திருந்தேன். வெள்ளை மொசைக் தரை இளமஞ்சளாகக் காய்ந்திருந்தது. மத்தியானம் பின்னறையில் கைக்குழந்தை அழுவது போல ஒரு குரல். ஓடிப்போய்ப் பார்த்தால் பூனை மட்டும் முதுகை வளைத்து, வெறும் மூலையைப் பார்த்து உட்கார்ந்திருந்தது. கூப்பிட்டேன், திரும்பவே இல்லை. அது எழுந்து போன பிறகு பார்த்தேன். தரையில் சிவப்பாக இரண்டு மூன்று பொட்டு.

என் கால் விரல்களைப் பார்த்தேன், காயம் இல்லை. பூனையைத் தூக்கிப் பார்த்தேன், அதற்கும் இல்லை. வயிற்றில் கை பட்டதும் அலறிக்கொண்டு கீறிவிட்டு ஓடிவிட்டது. ஒருநாளும் என்னைக் கீறியதில்லை. மனப்பிராந்தி என்று பொட்டுகளைத் துடைத்துவிட்டு வேலையைப் பார்க்கப் போனேன்.

வெள்ளிக்கிழமை கருங்குழியிலிருந்து நாத்தனார் வந்திருந்தார். அன்றைக்கும் மஞ்சள் தண்ணீர் விட்டுத் துடைத்தேன். சாப்பிட்டு எழுந்தால் சமையலறை வாசலில் சிவப்பு, பின்னறை மூலையில் சிவப்பு, சாமி அலமாரிக்குக் கீழேயும் சிவப்பு. கூடவே அந்த அழுகை.

"இன்னாடி இது, வூட்டுக்குள்ள ரத்தம் சொட்டிகினு கீது?" என்றார் நாத்தனார். மூலையை வெறித்துக்கொண்டிருந்த பூனையைக் கொஞ்ச நேரம் பார்த்தார். "எவளோ செஞ்சு வெச்சிட்டாடி. அது இந்தப் பூன மேலதான் எறங்கிக் கீது. மொதல்ல இத்த எங்கனா கொண்டுபோயி வுடு."

எங்கள் வீட்டில் நாத்தனார் பேச்சுக்கு மறுபேச்சு கிடையாது. மறுநாள் கணவருக்கு லீவு. பூனையைக் கூடையில் வைத்துத் தோப்புப் பக்கம் எடுத்துப் போனார். கூடைக்குள்ளிருந்து அது என்னையே பார்த்தது. நான் முகத்தைத் திருப்பிக்கொண்டேன்.

"வாசல்ல ஆரத்தி சுத்திக் கொட்டிடு, பேஜாரு வுட்டுச்சு" என்றார் நாத்தனார். தட்டில் மஞ்சளைக் கரைத்து, சுண்ணாம்பை விரலில் எடுத்தேன். தட்டுக்குக் கொண்டுபோவதற்குள் துளி சுண்ணாம்பு மஞ்சள் தரையில் விழுந்தது. விழுந்த இடம், என் கண் முன்னாலேயே, சிவந்தது.

அதே சிவப்பு.

எத்தனை ஆரத்தி கரைத்திருக்கிறேன்! மஞ்சளோடு சுண்ணாம்பு சேர்ந்தால் சிவக்கும் என்று தெரியாதவளா நான்? ரத்தமாக இருந்தால் நேற்றைய பொட்டு இந்நேரம் கறுத்திருக்க வேண்டாமா? மூலையில் மண்டியிட்டு மோந்து பார்த்தேன். குப்பென்று பூனை மூத்திர வாடை. காரம் ஏறிய மூத்திரம் மஞ்சளில் பட்டுச் சுண்ணாம்பு வேலையைச் செய்திருக்கிறது. ஆனால் எங்கள் பூனை மகா சுத்தக்காரன். தோட்டத்து மணலில் குழி தோண்டி, போய்விட்டு, மூடிவிட்டுத்தான் வருவான். அவன் ஏன் வீட்டுக்குள், அதுவும் சொட்டுச் சொட்டாக?

அப்போதுதான் அம்மா வீட்டில் மூத்திரம் போகாமல் நீரடைப்பு வந்து செத்த ஆட்டுக்கிடா நினைவுக்கு வந்தது. அதுவும் இப்படித்தான் முதுகை வளைத்து நின்று கத்தியது.

ஸ்கூட்டியை எடுத்துக்கொண்டு பறந்தேன். எதிரே கணவர் வெறும் கூடையோடு வந்துகொண்டிருந்தார். "அங்கயே வுட்டுட்டேன்" என்றார். இரண்டு பேரும் தோப்புக்குள் ஓடினோம். கடல் காற்றில் சவுக்கு மரங்கள் ஊளையிட்டுக்கொண்டிருந்தன. எது காற்று, எது பூனை என்றே தெரியவில்லை. கூப்பிட்டால் நாலு பக்கமிருந்தும் அழுகை வருகிற மாதிரி இருந்தது. பட்டப்பகலில் எனக்கு மயிர்க்கூச்செறிந்தது.

பிறகு மணலில் ஒரு சின்னக் குழியைப் பார்த்தேன். கொஞ்சம் தள்ளி இன்னொன்று. அப்புறம் இன்னொன்று. பிறாண்டித் தோண்டிய குழிகள், ஒன்றுகூட நனையவில்லை. அவற்றின் வழியே போனால், கடைசிக் குழியின் மேல் முதுகை வளைத்து உட்கார்ந்திருந்தான். குரல் போய்விட்டிருந்தது. வாய் மட்டும் திறந்து திறந்து மூடியது.

செங்கல்பட்டில் கால்நடை டாக்டர் வயிற்றைத் தொட்டுப் பார்த்ததுமே உள்ளே தூக்கிக்கொண்டு போய்விட்டார். மயக்க ஊசி போட்டுக் குழாய் விட்டார். "உப்புக் கட்டி வழி அடைச்சிக்கிச்சும்மா. ஆம்பளப் பூனைக்கு இது வரும். இன்னிக்கு வுட்டிருந்தீங்கன்னா நாளைக்கு இருக்காது" என்றார். நான் அங்கேயே உட்கார்ந்து அழுதேன்.

இப்போது அவனுக்கு மருந்து, தனிச் சாப்பாடு, வீட்டுக்குள்ளேயே ஒரு மணல் தொட்டி, மூலைக்கு மூலை தண்ணீர்க் கிண்ணம். அதில் ஒன்று நாத்தனார் வாங்கி வந்தது.

ஆனால் இன்றைக்கும் ஆரத்தி கரைக்கும்போது, தட்டில் மஞ்சள் சிவக்கிற அந்த நொடியில், சவுக்குத் தோப்பில் கேட்ட அழுகை எனக்குக் கேட்கிறது. வலி பொறுக்காமல் வீட்டின் மூலைக்கு மூலை நின்று எங்களைக் கூப்பிட்ட ஓர் உயிரைத்தான், பேய் என்று நாங்களே கூடையில் வைத்து வெளியே அனுப்பினோம்.