ஆதிமூலம் நட்ட கழிகள்

ஓடையைத் தெரிந்தவன் என்று ஒருவனைச் சொல்கிறோம். அவனுக்குத் தெரிந்தது தண்ணீரா, நேற்று அது இருந்த விதமா?

மரக்காணத்தில் உப்பு வாரும் ஆதிமூலத்தின் முன் இந்தக் கேள்வி நாற்பத்தெட்டு வயதில் வந்து நின்றது. கழுவெளிச் சதுப்பிலிருந்து கடலுக்குப் போகும் ஓடையின் அக்கரையில் இருந்தது உப்பளம். ரோட்டு வழியே சுற்றினால் ஒரு மணி நேரம். ஓடையில் இறங்கினால் பத்து நிமிஷம். ஆனால் கண்ட இடத்தில் இறங்க முடியாது. மேற்கே ஓடை அகன்று கிடக்கும் இடத்தில் கணுக்கால்தான் நனையும்; சேறு ஆளை விடாது. வளைவில் ஆள் மூழ்கும். முகத்துவாரத்தில் காலையில் ஓர் ஆழம், மாலையில் ஓர் ஆழம். வளைவுக்குக் கீழே மணல்திட்டின் மேல் மட்டும் முழங்கால் தண்ணீர். வருஷா வருஷம் தை மாதம் ஆதிமூலம் இறங்கி, காலால் தடவிப் பார்த்து, அந்தத் திட்டு நெடுக சவுக்குக் கழி நடுவார். உப்பளத்துப் பெண்கள் கழிகளை ஒட்டி நடப்பார்கள். பாராட்டும்படி அதில் பெரிதாக ஒன்றுமில்லை.

2005 தையில் அவர் இறங்கவில்லை. சுனாமி போய் ஒரு மாதம். காணாமல் போனவர்களைத் தேடி அலைந்த உடம்பு அசந்து கிடந்தது. பெண்களுக்கு அக்கரைப் பனைமரத்தைக் காட்டினார்.

"அத்தப் பாத்து நேரா போங்க. முழங்கால் தண்ணிதான்."

முன்னால் போன அக்காள் மகள் சின்னப்பாப்பா பத்தாவது அடியில் தண்ணீருக்குள் காணாமல் போனாள். ஆதிமூலம் பாய்ந்து, முடியைப் பிடித்து இழுத்து வந்தார். அவள் குடித்த தண்ணீரையெல்லாம் கக்கிவிட்டு நிமிர்ந்தாள்.

"என்னா மாமா, இதான் உன் முழங்காலா?"

பெண்கள் சிரித்தார்கள். அவர் சிரிக்கவில்லை.

மூன்று நாள் முகத்துவாரத்திலிருந்து மேற்கு வரை அடி அடியாகத் தடவினார். சுனாமி அலை திட்டை அரித்துப் பள்ளமாக்கியிருந்தது. அந்த மணல் வளைவில் போய் மேடாகியிருந்தது. ஆள் மூழ்கிய இடத்தில் இப்போது தொடையளவுதான். அங்கே நாற்பது கழி நட்டார். மழைக்காலம் முடிந்து, அடுத்த தையில் மறுபடி தடவி மறுபடி நட்டார். ஒருத்திக்கும் கால் வழுக்கவில்லை.

அவர் மட்டும் உப்பளத்துக்கு ரோட்டு வழியே சுற்றிப் போனார்.

"உன் கழிய நம்பி நாங்க போறோம், நீ ஏன் மாமா ஊரைச் சுத்தற?" நடு ஓடையில் நின்று கத்தினாள் சின்னப்பாப்பா.

ஆதிமூலம் அன்று தான் காட்டிய அக்கரைப் பனைமரத்தை ஒரு தடவை பார்த்துவிட்டு, துண்டைத் தோளில் போட்டுக்கொண்டு ரோட்டுப் பக்கம் நடந்தார்.